கப்பமும் கலகமும்: திருவிதாங்கூர் மக்கள் எழுச்சிகளின் காரணங்களும் விளைவுகளும் (1799 - 1809)

முன்னுரை

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கமும் தென்னிந்திய வரலாற்றில் கிளர்ச்சிகளின் காலமாகும். 1799இல் பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். 1805இல் வயநாட்டுக் காடுகளில் பழசி அரசர் மாண்டார். 1806இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். இவ்வரிசையின் இறுதியில் நிற்பது 1808-1809இல் திருவிதாங்கூரில் தளவாய் வேலுத்தம்பி தலைமையில் நிகழ்ந்த எழுச்சியாகும்.

தமிழில் எழுதப்பட்ட விடுதலைப் போராட்ட வரலாறுகள் பெரும்பாலும் வேலூரோடு நின்றுவிடுகின்றன. மலையாளத்தில் எழுதப்பட்டவை வேலுத்தம்பியைப் பழசி அரசரோடு இணைத்துப் பேசுகின்றனவேயன்றிப் பாளையக்காரர்களோடு இணைத்துப் பேசுவது குறைவு. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரையப்பட்ட மாநில எல்லை, அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முந்திய நிகழ்ச்சிகளையும் இரண்டாகப் பிரித்துவிட்டது எனலாம். வேலுத்தம்பி பிறந்த தலக்குளம் இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. அவர் உயிர்துறந்த மண்ணடி கேரளத்தில் உள்ளது.

வேலுத்தம்பியின் எழுச்சிக்குக் காரணமாக, அவருக்கும் ஆங்கில ரெசிடெண்டு மெக்காலேக்கும் இடையே ஏற்பட்ட தனிப்பட்ட பகையே பெரிதும் சுட்டப்படுகிறது. அப்பகை உண்மையே. ஆயினும் 1799இல் தென்திருவிதாங்கூர் மக்கள் தலைநகர் நோக்கித் திரண்டதையும், 1804இல் நாயர் படையினர் கலகம் செய்ததையும், 1809இல் குண்டறையில் அறிக்கை வெளியானதையும் ஒருசேர வைத்து நோக்கினால், மூன்றுக்கும் அடியில் இருந்தது கம்பெனிக்குச் செலுத்த வேண்டியிருந்த பணமே என்பது புலனாகும். இக்கட்டுரை அதனை நிறுவ முயல்கிறது. அவ்வெழுச்சிகள் யாரை 'மக்கள்' எனக் கொண்டன, யாரை விட்டுவிட்டன என்பதையும் ஆராய்கிறது.

இங்கிலாந்து முடியும் கம்பெனியும்

கிழக்கிந்தியக் கம்பெனி வணிகக் குழுவாகத் தோன்றினும், அது இங்கிலாந்து அரசியாரின் பட்டயத்தால் 1600இல் பிறந்தது. 1784ஆம் ஆண்டின் சட்டத்திற்குப் பின் அதன் அரசியல் நடவடிக்கைகள் பிரித்தானிய அரசின் கட்டுப்பாட்டு வாரியத்தின் மேற்பார்வைக்கு உட்பட்டன. எனவே மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் காலத்தில் கம்பெனியை எதிர்த்து நின்றோர் ஓர் ஐரோப்பிய முடியாட்சியின் படைவலிமையையே எதிர்த்து நின்றனர்.

திருவிதாங்கூர்ப் பகுதியில் இவ்வெதிர்ப்பு புதியதன்று. அஞ்சுதெங்குக் கோட்டையிலிருந்து மிளகு வாணிகம் செய்த ஆங்கிலேயர், 1721ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஆற்றிங்கல் அரசியாருக்குப் பரிசுப்பொருள் கொண்டு சென்றபோது உள்ளூர் மக்களால் தாக்கப்பட்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மிளகு விலையில் நிகழ்ந்த மோசடியும் வணிகர்களின் செருக்கும் அதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. எனினும் அது ஒரு வணிகக் குடியேற்றத்தின் மீதான தாக்குதல் மட்டுமே. அதன் பின்னர் மார்த்தாண்டவர்மர் (1729-1758) 1741இல் குளச்சலில் டச்சுக்காரரை வென்றார். தம் நாட்டை 1750இல் பத்மநாபசுவாமிக்குக் காணிக்கையாக்கிப் 'பத்மநாபதாசர்' என்னும் நிலையில் ஆண்டார். அவருக்குப் பின் வந்த தர்மராஜா எனப்படும் கார்த்திகைத் திருநாள் இராமவர்மரின் காலத்தில் (1758-1798) மைசூர்ப் படையெடுப்பு நேர்ந்தது. 1789-1790இல் திப்பு சுல்தான் நெடுங்கோட்டையைத் தாக்கினார். இந்த அச்சமே திருவிதாங்கூரைக் கம்பெனியின் கைக்குள் தள்ளியது.

1795இல் கம்பெனியோடு உடன்படிக்கை ஏற்பட்டது. நாட்டின் பாதுகாப்பிற்காகக் கம்பெனி படைப்பிரிவுகளை வைத்துக்கொள்ளும். அவற்றின் செலவை ஆண்டுதோறும் அரசர் செலுத்துவார் என்பது அதன் சாரம். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்து திப்பு மாண்டபின், எந்தப் பகைவனுக்கு அஞ்சி இப்படை வைக்கப்பட்டதோ அப்பகைவன் இல்லாமற்போனான். ஆனால் பணம் செலுத்தும் கடமை மட்டும் நீங்கவில்லை.

போரின் செலவு வரியாக மாறுவதும், வரி கிளர்ச்சியாக வெடிப்பதும் அந்நூற்றாண்டின் உலகப் பொதுவியல்பு. அமெரிக்கப் போருக்குச் செய்த செலவால் நொடித்த பிரெஞ்சு அரசு, புதுவரிக்கு வழிதேடி 1789இல் மக்கள் பிரதிநிதிகளை அழைத்தது; அதுவே புரட்சிக்கு வாயிலாயிற்று. திருவிதாங்கூரில் பொருள் நெருக்கடி ஒத்திருந்தது. ஆயின் அது சென்று சேர்ந்த இடம் வேறாக இருந்தது.

இரணியலிலிருந்து திருவனந்தபுரத்திற்கு: 1799

1798இல் தம் பதினாறாம் அகவையில் பாலராமவர்மர் அரியணை ஏறினார். ஆட்சித் திறன் மிக்க திவான் இராஜா கேசவதாசர் பதவியிழந்து 1799இல் மறைந்தார். ஜயந்தன் சங்கரன் நம்பூதிரி வலிய சர்வாதிகாரியக்காரரானார். சங்கரநாராயணன் செட்டி, தச்சில் மாத்துத் தரகன் ஆகியோர் அவருக்குத் துணை நின்றனர். கருவூலம் வற்றியிருந்த நிலையில், இவர்கள் நாட்டின் செல்வர்கள், அதிகாரிகள் ஆகியோரின் பட்டியலைத் தயாரித்து, ஒவ்வொருவரும் இவ்வளவு தரவேண்டும் எனக் கட்டாயப்படுத்தினர். தர மறுத்தோர் துன்புறுத்தப்பட்டனர்.

இரணியலில் காரியக்காரராக இருந்த வேலாயுதன் செண்பகராமன் தம்பியும் அவ்வாறு அழைக்கப்பட்டார். 1765இல் தலக்குளத்தில் பிறந்த அவர், பணம் திரட்டத் தவணை கேட்டு ஊர் திரும்பினார். ஆனால் திரட்டியது பணத்தையன்று, மக்களை. நாஞ்சில் நாட்டாரும் கல்குளம் பகுதியினரும் பெருந்திரளாக அவருடன் தலைநகருக்குச் சென்றனர். தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்திற்கு மாறிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. தெற்கத்திய மக்கள் தம் குறையைச் சொல்ல இப்போது நெடுவழி நடக்கவேண்டியிருந்தது.

அவர்கள் முன்வைத்த கோரிக்கைகள் தெளிவானவை. நம்பூதிரியைப் பதவி நீக்கி நாடு கடத்தவேண்டும். மற்ற இருவரையும் தண்டிக்கவேண்டும். உப்புவரி முதலிய கொடிய வரிகளை நீக்கவேண்டும் என்பன அவை. அரசர் இணங்கினார். நம்பூதிரி நாடு கடத்தப்பட்டார். மற்ற இருவரும் கசையடி பெற்றுக் காதுகள் அறுக்கப்பட்டுச் சிறையிடப்பட்டனர் என்று திருவிதாங்கூர் வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர்.

இவ்வெழுச்சி திடீரென முளைத்ததன்று. நாஞ்சில் நாட்டில் பிடாகை என்னும் ஊர்த்தொகுதிகளின் தலைவர்கள் கூடி முடிவெடுக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்துவந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முறையற்ற வரிகளைச் செலுத்துவதில்லை என இந்நாட்டார் கூட்டங்கள் முடிவு செய்ததற்குச் சான்றுகள் உண்டு. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை, கே.கே. பிள்ளை ஆகியோரின் முயற்சியால் அறிஞருலகிற்குத் தெரியவந்த அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகள், இந்நிலப்பகுதியின் வரிமுறை, நாட்டார் நிருவாகம் ஆகியவற்றைத் தமிழிலேயே பதிவு செய்துள்ளன. 1799இன் திரளுக்குப் பின்னால் இத்தகைய கூடிப்பேசும் மரபு ஒன்று இருந்தது என்பது கருதத்தக்கது.

இங்கு ஒன்றைக் கருத்திற்கொள்ள வேண்டும். மக்கள் எதிர்த்தது அமைச்சர்களை, அரசரையன்று. அமைச்சர்களை அவ்வாறு பணம் பறிக்கச் செய்த கம்பெனியின் கப்பம் அவர்களின் கோரிக்கைப் பட்டியலில் இடம்பெறவில்லை. ஆள் மாறினார், கடன் மாறவில்லை.

எதிர்ப்புத் தலைவர் ஆட்சித் தலைவராதல்

எழுச்சியின் பயனாக வேலுத்தம்பி வணிகத்துறைப் பொறுப்பைப் பெற்றார். அடுத்த சில ஆண்டுகளில் தளவாய்ப் பதவியை அடைந்தார். அப்பதவியை அடைவதற்கு 1800இல் ரெசிடெண்டாக வந்த காலின் மெக்காலேயின் ஆதரவும் துணை செய்தது. பின்னாளில் இந்தியக் கல்விக் கொள்கையால் அறியப்பட்ட தாமஸ் மெக்காலேக்கு இவர் பெரிய தந்தையாவார்.

தளவாயின் ஆட்சி கண்டிப்பானது. நிலங்களை அளந்து கண்டெழுத்து நடத்தி வரிக்கணக்கை ஒழுங்குபடுத்தினார். ஊர்தோறும் சென்று வழக்குகளை நேரில் விசாரித்தார். கையூட்டுக்கும் களவுக்கும் கொடுந்தண்டனை விதித்தார். கருவூலம் ஓரளவு நிமிர்ந்தது. ஆனால் ஈட்டிய பணத்தின் பெரும்பகுதி கம்பெனிக்குச் சென்றது. 1799இல் வரிக்கொடுமைக்கு எதிராக மக்களைத் திரட்டியவரே, அதே கப்பத்திற்காக வரி தண்டும் பொறுப்பில் அமர்ந்தார். இம்முரண் அவருடைய தனிமனிதக் குறைபாடன்று. அப்பதவியின் கட்டமைப்பிலேயே அது அடங்கியிருந்தது.

1804 படைக்கலகமும் 1805 உடன்படிக்கையும்

செலவைக் குறைக்கும் நோக்கில் நாயர் படையினரின் படித்தொகையைக் குறைக்க 1804இல் முடிவு செய்யப்பட்டது. படையினர் கொதித்தெழுந்தனர். ஆயிரக்கணக்கானோர் ஆயுதங்களுடன் திருவனந்தபுரம் நோக்கி நகர்ந்தனர். தளவாயைப் பதவி நீக்கவேண்டும், ஆங்கிலேயருடனான உறவை முறிக்கவேண்டும் என்பன அவர்களின் கோரிக்கைகள். தளவாயையும் ரெசிடெண்டையும் கொல்லவும் அவர்கள் எண்ணினர் என்று கூறப்படுகிறது. வேலுத்தம்பி கொச்சிக்குச் சென்று மெக்காலேயின் துணையை நாடினார். கம்பெனிப் படையின் உதவியுடன் கலகம் ஒடுக்கப்பட்டது. தலைவர்கள் கொடிய முறையில் கொல்லப்பட்டனர்.

இந்நிகழ்ச்சி உரிய கவனத்தைப் பெறவில்லை. நாட்டின் வறுமைக்குக் காரணம் ஆங்கிலேயருடனான உறவே என்பதைத் தளவாய்க்கு நான்காண்டுகள் முன்னரே எளிய படைவீரர்கள் உணர்ந்திருந்தனர். 1808இல் தளவாய் எதனை வேண்டினாரோ அதனையே அவர்கள் 1804இல் வேண்டினர். அவர்களை ஒடுக்குவதற்குத் தளவாய் அழைத்தது கம்பெனிப் படையை. அதன் விலை உடனே தெரிந்தது. கலகத்தைக் காரணம் காட்டி, 1805 சனவரியில் புதிய உடன்படிக்கை ஒன்றைக் கம்பெனி பெற்றது. ஆண்டுக் கப்பம் எட்டு இலட்சம் ரூபாயாக உயர்ந்தது. உள்நாட்டு ஆட்சியிலும் கம்பெனியின் அறிவுரையை அரசர் ஏற்கவேண்டும் என்னும் நிலை உருவாயிற்று. 1795இல் துணைவராக இருந்த கம்பெனி, 1805இல் மேலாளராக மாறியது.

1804இல் அழிக்கப்பட்ட வலிமையே 1809இல் திருவிதாங்கூருக்குத் தேவைப்பட்ட வலிமை. பின்னர் ஏற்பட்ட தோல்வியின் வித்து இங்கேயே விழுந்தது எனக் கொள்ளலாம்.

முறிவு

1805க்குப் பின் நிலுவை பெருகியது. மெக்காலே தொகையைக் கேட்டு நெருக்கினார். அரசரின் கர்நாடகப் படைப்பிரிவைக் கலைத்துச் செலவைக் குறைக்குமாறும் வற்புறுத்தினார். தளவாய் அதற்கு இணங்கவில்லை. மாத்துத் தரகன் அரசுக்குச் செலுத்தவேண்டிய தொகைக்காக அவருடைய சொத்துகளைத் தளவாய் பறிமுதல் செய்யமுயன்றபோது, ரெசிடெண்டு தரகனின் பக்கம் நின்றார். 1799இல் மக்கள் தண்டிக்கக் கோரிய ஒருவருக்கு இப்போது கம்பெனி காவலாயிற்று. கப்பத்தைத் தண்டவேண்டிய தளவாய்க்கு, அதனைத் தண்டும் உரிமையும் மறுக்கப்பட்டது. தளவாயை நீக்கவேண்டும் என மெக்காலே கோரும் அளவிற்குப் பகை முற்றியது.

கொச்சி அரசின் தலைமையமைச்சரான பாலியத்து அச்சனும் மெக்காலேயோடு பகை கொண்டிருந்தார். இருவரும் இணைந்தனர். கோழிக்கோட்டுச் சாமூதிரியின் துணையும் பிரெஞ்சுக்காரரின் துணையும் நாடப்பட்டன. மொரீசியசுத் தீவு அப்போது பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. ஐரோப்பாவில் நெப்போலியப் போர்கள் நடந்துகொண்டிருந்த காலமாதலின், மேற்குக் கடற்கரையில் பிரெஞ்சுக் கப்பல் தோன்றக்கூடும் என்னும் எதிர்பார்ப்பு ஒரு பக்கமும் அச்சம் மறுபக்கமும் நிலவின. எதிர்பார்த்த உதவி எங்கிருந்தும் வரவில்லை.

1808 டிசம்பர் 28ஆம் நாள் இரவு கொச்சியிலுள்ள போல்காட்டி மாளிகை தாக்கப்பட்டது. மெக்காலே ஒளிந்திருந்து தப்பிக் கப்பலேறினார். அதே நாள்களில் கடற்கரையில் இறங்கிய கம்பெனிப் படையின் மருத்துவர் ஒருவரும் முப்பதுக்கும் மேற்பட்ட படைவீரர்களும் பிடிக்கப்பட்டு ஆலப்புழைப் பகுதியில் கொல்லப்பட்டனர். கைதானோரைக் கொன்ற இச்செயல் எழுச்சியின் மேல் படிந்த கறையாகும். பின்னர் கம்பெனி மேற்கொண்ட கடும் பழிவாங்கலுக்கு இதுவே நியாயமாகக் காட்டப்பட்டது.

குண்டறை அறிக்கை

கொல்லம் 984ஆம் ஆண்டு மகரம் முதல் நாள், அதாவது 1809 சனவரியில், கொல்லத்திற்கு அருகிலுள்ள குண்டறையிலிருந்து வேலுத்தம்பி மக்களுக்கு ஓர் அறிக்கை வெளியிட்டார். மலையாளத்தில் அமைந்த இவ்வறிக்கை இரு பகுதிகளாகக் கருத்தக்கது.

முதற்பகுதி வழக்குரைக்கும் பாங்கில் அமைந்தது. திப்புவா கம்பெனியா என்ற நிலையில் திருவிதாங்கூர் கம்பெனியை நம்பியதும், அந்நம்பிக்கையைக் கம்பெனி படிப்படியாக மீறியதும், உடன்படிக்கைக்கு மாறாக உள்நாட்டு ஆட்சியில் தலையிட்டதும் வரிசைப்படுத்தப்படுகின்றன. இரண்டாம் பகுதி அச்சமூட்டி எச்சரிப்பது. ஆங்கிலேயர் வென்றால் உப்பு முதலிய பொருள்களைத் தமதாக்கிக்கொள்வர். வீட்டுமனைக்கும் பயிர்நிலத்திற்கும் தாங்கவொண்ணா வரி விதிப்பர். கோயில்களில் சிலுவைகளை நாட்டுவர். சாதி ஒழுக்கத்தைக் குலைப்பர் என்னும் பொருளில் அது பேசுகிறது.

1801இல் திருச்சிராப்பள்ளிக் கோட்டைச் சுவரிலும் திருவரங்கக் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்ட மருதுவின் அறிக்கையோடு இதனை ஒப்பிடலாம். கே. ராஜய்யன் 1971இல் வெளியிட்ட தென்னிந்தியக் கிளர்ச்சி பற்றிய ஆங்கில நூல், அவ்வறிக்கையின் சிறப்பை அறிஞர்கள் உணரத் துணைசெய்தது. மருதுவின் அறிக்கை பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர், இசுலாமியர் எனப் பல பிரிவினரையும் விளித்து, நாவலந்தீவு முழுமைக்குமாகப் பேசுகிறது. அயலாரை உள்ளே விட்டமைக்காக ஆர்க்காட்டு நவாபையும் கடிகிறது. குண்டறை அறிக்கையோ ஓர் அரசின் அமைச்சர் அவ்வரசின் பெயரால் பேசுவது. அதனால் உடன்படிக்கை, வாக்குறுதி, மீறல் என்னும் அரசாட்சி மொழி அதில் மேலோங்கியுள்ளது. உடன்படிக்கைகளில் ஒப்பமிட்ட அரசமைப்பை அது குறைகூறவில்லை, கூறவும் இயலாது.

இரு அறிக்கைகளுக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. இரண்டும் பழைய ஒழுங்கைக் காப்பதற்கே அழைக்கின்றன. சாதி ஒழுக்கம் கெடும் என்ற எச்சரிக்கை, அவ்வொழுக்கத்தால் நன்மை பெற்றோரை எழுப்பக்கூடும். நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட புலையருக்கும் பறையருக்கும் அது எதனையும் வாக்களிக்கவில்லை. மார்பை மறைக்கும் உரிமை மறுக்கப்பட்ட சான்றார் பெண்டிருக்கும் அதில் நம்பிக்கை கொள்ள இடமில்லை. எழுச்சி மக்களை அழைத்தது. ஆனால் எல்லா மக்களையும் அழைக்கவில்லை.

தோல்வி

1809 சனவரி 15ஆம் நாள் கொல்லத்தில் நடந்த போரில் திருவிதாங்கூர்ப் படை தோற்றது. கிழக்கிலிருந்து வந்த தாக்குதல் முடிவை உறுதிசெய்தது. செயிண்ட் லெஜர் தலைமையிலான படை பாளையங்கோட்டைப் பக்கமிருந்து வந்து, பிப்ரவரி 10ஆம் நாள் ஆரல்வாய்மொழி அரணைக் கைப்பற்றியது. பாளையக்காரர்களை ஒடுக்குவதற்குத் தளமாக இருந்த நெல்லைச் சீமையே திருவிதாங்கூரை ஒடுக்குவதற்கும் தளமாயிற்று. உதயகிரி, பத்மநாபபுரம் கோட்டைகள் வீழ்ந்தன. 1799இல் மக்கள் நடந்த அதே தென்புலத்தின் வழியே கம்பெனிப் படை திருவனந்தபுரத்தை நெருங்கிப் பாப்பனங்கோட்டில் தங்கியது.

அரசரைக் காக்கும்பொருட்டுப் பழி முழுவதையும் தாமே ஏற்று வேலுத்தம்பி தலைநகரை விட்டு நீங்கினார். அரசர் எழுச்சியோடு தமக்குத் தொடர்பில்லை என அறிவித்துக் கம்பெனியோடு இணக்கம் செய்துகொண்டார். உம்மிணித்தம்பி புதிய தளவாயானார். கிளிமானூர் அரண்மனையில் தம் வாளை ஒப்படைத்துவிட்டு மண்ணடிக் கோயிலை அடைந்த வேலுத்தம்பி, பகைவர் சூழ்ந்தபோது அங்கேயே உயிர்துறந்தார். அவர் உடல் திருவனந்தபுரத்திற்குக் கொண்டுவரப்பட்டுக் கண்ணம்மூலையில் காட்சிக்குத் தொங்கவிடப்பட்டது. தலைமை ஆளுநர் மிண்டோ பிரபுவே இச்செயலைக் கண்டித்தார். தம்பி பத்மநாபன் தம்பி கொல்லத்தில் தூக்கிலிடப்பட்டார். தலக்குளத்து வீடு இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. பாலியத்து அச்சன் நாடு கடத்தப்பட்டார்.

பின்விளைவுகள்

எழுச்சியின் பின்விளைவுகளை மூவகையாகக் காணலாம்.

முதலாவது, பொருளியல் விளைவு. கப்பம் நீங்கவில்லை. போரை அடக்கக் கம்பெனி செய்த செலவும் திருவிதாங்கூரின் கணக்கில் ஏறியது. எதனைத் தாங்கமுடியாமல் நாடு கிளர்ந்ததோ அச்சுமை கிளர்ச்சியால் மேலும் கூடியது.

இரண்டாவது, அரசியல் விளைவு. திருவிதாங்கூர்ப் படை கலைக்கப்பட்டது. நாட்டில் ஆயுதங்கள் களையப்பட்டன. படைத்தொழிலைக் குலத்தொழிலாகக் கொண்டிருந்தோரின் சமூக நிலை மாறத் தொடங்கியது. பாலராமவர்மர் 1810இல் மறைந்தபின் கௌரி லட்சுமிபாய் அரசியானார். 1810இல் ரெசிடெண்டாக வந்த கர்னல் மன்றோ, 1811இல் திவான் பொறுப்பையும் ஏற்றார். மேற்பார்வையாளரும் மேற்பார்வைக்குட்பட்டவரும் ஒருவரேயாயினர். அதிகாரிகளுக்கான எழுதப்பட்ட விதிமுறைகள், முறைமன்றங்கள், மேல்முறையீட்டு மன்றம் ஆகியன ஏற்பட்டன. நூற்றுக்கணக்கான தேவஸ்வங்கள் அவற்றின் சொத்துகளோடு அரசின் நேரடி நிருவாகத்திற்குள் கொண்டுவரப்பட்டன. கோயில்களுக்குத் தீங்கு நேரும் எனக் குண்டறை அறிக்கை எச்சரித்தது. அது அஞ்சிய வடிவில் நேரவில்லை. கணக்குப் புத்தகத்தின் வடிவில் நேர்ந்தது.

மூன்றாவது, சமூக விளைவு. மதிப்பிடுவதற்கு மிகவும் கடினமானது இதுவேயாகும். நிலத்தோடு பிணைக்கப்பட்டோர் நீங்கலாகப் பிற அடிமைகளை விற்பதும் வாங்குவதும் 1812இல் தடை செய்யப்பட்டன. பெரும்பாலான அடிமைகள் நிலத்தோடு பிணைக்கப்பட்டோரே ஆதலின் அதன் பயன் குறுகியது. முழு விடுதலை 1855இல்தான் அறிவிக்கப்பட்டது. 1806இல் தென்திருவிதாங்கூர் வந்த ரிங்கல்தௌபே என்னும் சமயப் பணியாளர், மயிலாடியில் கோயில் கட்ட வேலுத்தம்பியின் இசைவைப் பெறமுடியாதிருந்தார். எழுச்சி ஒடுக்கப்பட்ட 1809ஆம் ஆண்டிலேயே அக்கோயில் எழுந்தது. கிறித்தவம் தழுவிய பெண்கள் குப்பாயம் அணியலாம் என்னும் ஆணை மன்றோவின் காலத்தில் பிறந்தது. அதனைத் தொடர்ந்த தோள்சீலைப் போராட்டம் 1859ஆம் ஆண்டின் அரசாணை வரை நீடித்தது. அம்மக்களின் வரலாற்று நினைவில் 1809 வேறொரு பொருளில் நிற்கிறது. ஒரு சாராருக்கு நாடு வீழ்ந்த ஆண்டாகத் தோன்றுவது, மற்றொரு சாராருக்கு வாயில் சிறிது திறந்த ஆண்டாகத் தோன்றுகிறது.

இதனைக் கொண்டு கம்பெனியை விடுதலை தந்ததாகக் கொள்ளுதல் பொருந்தாது. மன்றோவின் சீர்திருத்தங்களின் முதல் நோக்கம் கப்பம் தவறாது வருவதற்குரிய ஒழுங்கான ஆட்சியே. அதேபோல, எழுச்சி எல்லோருக்கும் உரியதாக அமையவில்லை என்பதால் அதன் எதிர்ப்பு பொய்யாகிவிடாது. இரண்டையும் ஒருசேர ஏற்பதே வரலாற்று நேர்மையாகும்.

நினைவும் எல்லையும்

தோற்றவரின் உடலைத் தொங்கவிட்ட நகரம் இன்று தலைமைச் செயலகத்தின் முன் அவருக்குச் சிலை வைத்துள்ளது. கிளிமானூரில் காக்கப்பட்ட வாள் 1957இல் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஆயின் சிலை ஒருவருக்கே அமைகிறது. 1799இல் அவரோடு நடந்த பெயரறியா மக்களுக்கும், 1804இல் அவராலேயே ஒடுக்கப்பட்ட படைவீரர்களுக்கும் அத்தகைய நினைவு இல்லை.

இரவிக்குட்டிப்பிள்ளை போர் போன்ற தமிழ்க் கதைப்பாடல்களை வளர்த்த தென்திருவிதாங்கூர், தன் வரலாற்றைத் தமிழிலும் மலையாளத்திலும் ஒருங்கே பேசிய நிலப்பகுதியாகும். அதன் ஓலைகள், கல்வெட்டுகள், கோயில் கணக்குகள், அரசாணைகள் ஆகியன இருமொழிப் பயிற்சியோடு அணுகப்படவேண்டியவை. தமிழ்த் துறைகளும் மலையாளத் துறைகளும் அவற்றைத் தனித்தனியே பயிலும்வரை, பாளையங்கோட்டையிலிருந்து ஆரல்வாய்மொழி வழியாகத் திருவனந்தபுரத்திற்குச் சென்ற ஒரே படையெடுப்பு இரு வேறு வரலாறுகளாகவே எழுதப்படும்.

முடிவுரை

1799, 1804, 1809 ஆகிய மூன்று கிளர்ச்சிகளும் கம்பெனியின் கப்பத்தால் விளைந்த ஒரே நெருக்கடியின் மூன்று கட்டங்களாகும். முதல் கட்டத்தில் மக்கள் அமைச்சர்களை எதிர்த்து வென்றனர். காரணம் அப்படியே நின்றது. இரண்டாம் கட்டத்தில் படையினர் காரணத்தைக் கண்டனர். தலைமை அவர்களை ஒடுக்கியது. மூன்றாம் கட்டத்தில் தலைமையும் காரணத்தை உணர்ந்தது. அப்போது அதனிடம் போதிய படை இல்லை, அரசரின் துணை இல்லை, அழைக்கப்படாத மக்களின் நம்பிக்கையும் இல்லை.

பிரெஞ்சு நாட்டில் வரி பற்றிய வினா ஆட்சியுரிமை யாருடையது என்னும் வினாவாக வளர்ந்தது. திருவிதாங்கூரில் அவ்வாறு வளரவில்லை. அரசர் பத்மநாபதாசராகவும், நாடு இறைவனுக்குரியதாகவும் விளங்கிய அமைப்பில், அயலாட்சியை எதிர்த்தோர் உள்ளாட்சியை வினவவில்லை. அவ்வினா எழ ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. 1938 அக்டோபர் 23ஆம் நாள் அக்கம்மா செரியான் தலைமையில் ஒரு பெருங்கூட்டம் தம்பானூரிலிருந்து கௌடியார் அரண்மனை நோக்கி நடந்தது. சிறையிலுள்ள தலைவர்களை விடுவிக்கவும், பொறுப்பாட்சி வழங்கவும் அது கோரியது. 1799இல் தெற்கிலிருந்து நடந்தோர் அமைச்சர்களை மாற்றுமாறு அரசரை வேண்டினர். 1938இல் நடந்தோர் ஆட்சியில் தமக்குரிய பங்கைக் கேட்டனர். இவ்விரு நடைகளுக்கும் இடைப்பட்ட தொலைவே திருவிதாங்கூர் மக்களின் அரசியல் வரலாறு எனலாம்.